ஆய்வு முதுமாணியா, கம்பனிப் பயிற்சியா?

கேள்வி: வந்தாறுமூலையில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்தேன். உயிர்மருத்துவப் பொறியியலில் முதுமாணி செய்து, மருத்துவக் கருவி செய்யும் கம்பனியில் சேர ஆசை. வெளிநாட்டில் இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று இரண்டு வருட ஆய்வு முதுமாணி. மற்றது கம்பனிப் பயிற்சியோடு ஒரு வருடம். ஆய்வுக்குத்தான் மதிப்பு என்கிறார் அண்ணன். எதை எடுக்கட்டும்?
- வாசகி, செங்கலடி

பதில்: மகள், நான் ஆய்வு முதுமாணி செய்துவிட்டுக் கம்பனிக்குப் போனவள். பட்ட கஷ்டத்தைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

ஒட்சிசன் அளவு பார்க்க விரலில் மாட்டுவார்களே, அந்தக் கிளிப்பின் வயர்தான் என் ஆய்வு. முதல் நேர்முகப் பரீட்சையில், 5000 தடவை மடித்தும் வயர் அறவில்லை என்று வரைபடத்தோடு விளக்கினேன். "எத்தனை வயரில் பார்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். மூன்று என்றேன். வேலை கிடைக்கவில்லை.

அன்றிரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 29 வயரைச் சோதித்து ஒன்றுகூட அறாமல் இருந்தால்தான், 100க்குக் குறைந்தது 90 தாங்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். மூன்று மட்டும் தாங்கியதை வைத்து, அதே நம்பிக்கையோடு 100க்கு 37 என்றுதான் சொல்ல முடியும். இரண்டு வருடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆய்வுக்கட்டுரைக்கு மூன்று போதுமாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. சில வருடம் கழித்து விடுமுறையில் கல்லடிக்கு வந்தபோது, அம்மாவோடு ஒரு வாட்டில் நான்கு நாள் நின்றேன். அம்மாவின் விரலில் இருந்த கிளிப்பின் கழுத்தில், வயர் உள்ளே போகும் இடத்தில், வெள்ளைப் பிளாஸ்டர் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. தாதியிடம் கேட்டேன். "இஞ்ச பாருங்க, கட்டில் கம்பியில சுத்தித்தான் வைக்கிறம். எப்பவும் இந்தக் கழுத்திலதான் அறும்" என்றார். நானோ ஆய்வுகூடத்தில் வயரை நடுவில் மடித்துக்கொண்டிருந்தவள்! நடுவில் யாருமே மடிப்பதில்லை.

கம்பனியில் வேலை அந்தத் தாதியின் வாக்கியத்தில் இருந்துதான் தொடங்கும். 'கழுத்தில், இத்தனை பாகையில், இத்தனை தடவை மடித்தாலும் அறக்கூடாது' என்று சோதிக்கக்கூடிய விதத்தில் அதை எழுத வேண்டும். பிறகு சோதித்து, பதிவு வைக்க வேண்டும். மருத்துவக் கருவி செய்யும் கம்பனிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 என்ற சர்வதேசத் தரநியமம் இந்தத் தொடர்ச்சியைத்தான் கேட்கிறது. அறுந்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 14971 என்ற இன்னொரு தரநியமம் இருக்கிறது. நல்ல தொழில்சார் முதுமாணியில் இவையெல்லாம் செய்முறையாகவே வரும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் அப்படி ஓராண்டுப் படிப்பு உண்டு. மாணவர்கள் முதலில் வைத்தியசாலையில் நின்று குறைகளைத் தேடுவார்கள், கருவியைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

அதனால் நான் ஒரு வருடப் படிப்பின் பக்கம். ஆனால் காசு விஷயத்தையும் பாருங்கள். ஆய்வு முதுமாணிக்குப் பல இடங்களில் உதவித்தொகை தருவார்கள், மற்றதற்குப் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். வீட்டு நகையை அடகு வைத்துத்தான் போக வேண்டும் என்றால், தயங்காமல் ஆய்வை எடுங்கள். விடுமுறையில் கம்பனிப் பயிற்சி தேடிக்கொள்ளலாம், புள்ளிவிபரவியலை மேலதிகமாகப் படிக்கலாம். திரும்பி வந்தாலும் இடமில்லை என்று நினைக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டப்படி இலங்கையில் மருத்துவக் கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான கோப்புகளைப் புரிந்து தயாரிக்கக் கூடியவர்கள் இறக்குமதி செய்யும் கம்பனிகளுக்குத் தேவை.

சரி, முடிவெடுக்க முன் இரண்டு இடத்துக்கும் மின்னஞ்சல் போடுங்கள். மாணவர் செயற்றிட்டத்தை யார் தருகிறார்கள், ஆசிரியரா, வைத்தியரா, கம்பனியா? சோதனையை மாணவர் தன் கையால் செய்வாரா? கடந்த வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பயிற்சி என்று பெயருக்கு ஒரு தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டி அனுப்புகிற படிப்புகளும் இருக்கின்றன, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.