டெக்சாஸ் கிராமப்புற நீதிமன்றத்தில் ஒரு பிடியாணை: வாசகர் கேள்விகளும் சட்டப் பதில்களும்

கேள்வி: என் மகன் டெக்சாஸில் முதுநிலைப் படிப்புப் படிக்கிறான். சென்ற ஆண்டு நண்பர்களுடன் காரில் வெளியூர் போகும்போது, 75 மைல் வேக எல்லை உள்ள சாலையில் 87 மைல் வேகத்தில் ஓட்டியதாக ஒரு சிறிய கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) போலீசார் அபராத டிக்கெட் கொடுத்தார்கள். பிறகு அவன் வீடு மாறிவிட்டதால் நீதிமன்றக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் அவன் பெயரில் வாரண்ட் இருப்பது தெரிந்தது. தை மாதம் தங்கையின் திருமணத்துக்கு அவன் ஊருக்கு வர வேண்டும். இரவில் தூக்கமே வருவதில்லை. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத தாய், திருச்சி

பதில்: அம்மா, இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாத சிக்கல். வேக எல்லையைத் தாண்டுவது டெக்சாஸில் அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய ‘கிளாஸ் சி’ குற்றம். சாதாரணமாக அந்த அபராதம் 200 டாலரைத் தாண்டாது. நீதிமன்றக் கட்டணம் தனி. அதற்குச் சிறைத் தண்டனை கிடையாது. ஆனால் குறித்த நாளில் நீதிமன்றத்துக்குப் போகாததால் பிறந்த பிடியாணை, அபராத நோட்டீஸ் அல்ல. ஆளைக் கைது செய்வதற்கான உத்தரவு. நம் நாட்டில், பிடியாணை ஒன்று நிறைவேற்றப்படும் வரையிலோ, பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரையிலோ உயிரோடு இருக்கும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொன்னது; புதிய சட்டத்தின் 72-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அங்கும் நிலைமை இதுதான். வருடங்கள் கடந்தாலும் அது தானாக மறையாது. பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தினால்கூட அவர் கணினியில் வந்து நிற்கும்.

பெயரில் ஒரு குழப்பம் வரலாம். அமெரிக்காவில் பொதுவாக இதை ‘பெஞ்ச் வாரண்ட்’ என்பார்கள். டெக்சாஸ் நீதிமன்றங்களிலோ அந்தச் சொல் பெரும்பாலும் சிறையில் இருப்பவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் உத்தரவைக் குறிக்கும். உங்கள் மகன் கேட்க வேண்டியது, தன் பெயரில் இருப்பது ‘அலையஸ் வாரண்ட்’டா அல்லது ‘கேப்பியஸ் ப்ரோ ஃபைன்’ என்பதா என்றுதான். முன்னது, வழக்கில் பதிலே சொல்லாமல் இருந்தவருக்கு. பின்னது, தீர்ப்பு வந்த பிறகும் அபராதம் கட்டாதவருக்கு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முன்னதாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தீர்ப்பது எளிது, ஏனென்றால் வழக்கு இன்னும் முடியவில்லை.

டெக்சாஸில் 254 கவுண்டிகள் உண்டு. அவற்றில் ஒன்றான லவிங் கவுண்டியில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 64 பேர் மட்டுமே. இத்தகைய இடங்களில் போக்குவரத்து வழக்கை விசாரிப்பவர் பெரும்பாலும் ‘ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்’, அதாவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர் நீதிபதி. அவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற விதிகூட இல்லை. மருத்துவப் பரிசோதகர் இல்லாத கவுண்டிகளில் சந்தேக மரணங்களை விசாரிப்பதும் அவர் வேலை என்பதால், நீங்கள் போகும் நேரத்தில் அவர் வெளியே போயிருக்கவும் கூடும். பல சிறு கவுண்டிகளின் வழக்கு விவரம் இணையத்தில் கிடைப்பதில்லை. ஆகவே நூற்றுக்கணக்கான மைல் காரோட்டிப் போய் நிற்பதற்கு முன், அந்த நீதிமன்றத்தின் கிளார்க்கைத் தொலைபேசியில் அழைப்பதே முதல் வேலை. வழக்கு எண், பிடியாணையின் வகை, கட்ட வேண்டிய பிணைத் தொகை, ‘வராமல் இருந்ததற்கு’ என்று தனியாக இரண்டாவது வழக்குப் போடப்பட்டிருக்கிறதா, நீதிபதி எந்த நாளில் உட்காருவார் என்ற ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சின்ன ஊர்களில் கிளார்க்குகள் ஒரே நாற்காலியில் பல ஆண்டுகள் இருப்பவர்கள். மரியாதையாகப் பேசினால் வழி சொல்லிவிடுவார்கள், ஆனால் சட்ட ஆலோசனை தர அவர்களுக்கு அனுமதியில்லை.

உங்கள் மகனுக்குச் சாதகமான ஒரு சட்டம் இருக்கிறது. 2017-இல் டெக்சாஸ் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பிடியாணையால் கைதாவதற்கு முன்பு ஒருவர் தாமாகவே நீதிமன்றத்துக்கு வந்து, நல்லெண்ணத்தோடு வழக்கைத் தீர்க்க முயன்றால், அந்தப் பிடியாணையை நீதிமன்றம் திரும்பப் பெற்றே ஆக வேண்டும். நீதிபதி விரும்பினால் செய்யலாம் என்பதல்ல, செய்ய வேண்டும் என்பதே சட்டத்தின் சொல். அதே திருத்தம், முதல் முறை வராதவருக்குப் பிடியாணை போடுவதற்கு முன் தபாலிலோ தொலைபேசியிலோ தகவல் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. கடிதம் பழைய வீட்டுக்குப் போனதைக் காட்ட, புதிய வாடகை ஒப்பந்தத்தின் நகலை உங்கள் மகன் கையில் வைத்திருக்கட்டும். வீடு மாறினால் 30 நாளுக்குள் உரிமத்தின் முகவரியையும் மாற்ற வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் மறைக்காமல் ஒப்புக்கொள்வது நல்லது.

அவசரத்தில் இணையத்தில் பணத்தைக் கட்டி ‘முடித்துவிட’ வேண்டாம். அபராதத்தைக் கட்டுவதே குற்றத்தை எதிர்க்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். அது தண்டனையாகப் பதிவாகிவிடும். அதற்குப் பதில் ‘டிஃபர்டு டிஸ்போசிஷன்’ கேட்கலாம்: நீதிபதி ஒப்புக்கொண்டால், 180 நாள் வரையில் குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றியபின் வழக்கு தள்ளுபடியாகும். இரண்டாவது வழக்கைக் கைவிடும்படி அரசு வழக்கறிஞரிடம் கேட்கவும் இடமுண்டு. அதே நீதிமன்றத்துக்கு அடிக்கடி வரும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினால், உங்கள் மகன் நேரில் போகாமலேயே பெரும்பகுதியை முடித்துத் தருவார்.

கையில் பணம் இல்லையே என்று மாணவர்கள் பயந்து ஒளிந்துகொள்கிறார்கள். அது தேவையில்லை. போக்குவரத்து அபராதம் 425 டாலரைக் கட்ட முடியாத ஹூஸ்டன் ஏழை ஒருவரை, நாளொன்றுக்கு 5 டாலர் கணக்கில் 85 நாள் சிறைப் பண்ணைக்கு அனுப்பியதை 1971-இல் ‘டேட் எதிர் ஷார்ட்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தவணையோ சமூகச் சேவையோ கேட்டுப் பெற வழியுண்டு.

பயணத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பிடியாணை ரத்தான பிறகே விமானம் ஏற வேண்டும். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் போலீஸ் பதிவுகளையும் பார்ப்பார்கள். விசாவை இங்கே புதுப்பிக்க வேண்டியிருந்தால், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று விண்ணப்பப் படிவம் நேராகவே கேட்கும். வேகத்துக்காகப் போலீசாரிடம் டிக்கெட் வாங்கியது கைது அல்ல. அந்தப் பிடியாணையின் பேரில் வழியில் பிடிபட்டால் அது கைது. 2025 வசந்த காலத்தில், போலீஸ் தகவல் பதிவில் பெயர் இருந்த காரணத்துக்காகவே ஏராளமான வெளிநாட்டு மாணவர்களின் மாணவர் பதிவுகள் ரத்தாகி, வழக்குகளுக்குப் பிறகு மீட்கப்பட்டதை மறக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும், குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவருக்கும் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

பிடியாணை ரத்தான உத்தரவின் நகலை உடனே வாங்கிக் காரிலேயே சில மாதம் வைத்திருக்கட்டும். ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) அலுவலகக் கணினியில் நீக்கம் தாமதமாகலாம். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க விடாமல் போட்டிருக்கும் தடை தனி. வழக்கு தீர்ந்ததை நீதிமன்றம் தெரிவித்து, 10 டாலர் கட்டணமும் செலுத்திய பிறகுதான் அது நீங்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மருமகளுக்கு, ‘ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்’ என்று அழைப்பு வந்தது. உண்மையா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: மோசடி. எந்த நீதிமன்றமும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்குவதில்லை. இங்கே ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறார்களே, அதே வகைதான். அழைப்பைத் துண்டித்துவிட்டு, கவுண்டியின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணில் கிளார்க்கை அழைத்துச் சரிபார்க்கட்டும்.

கேள்வி: 2019-இல் இந்தியா திரும்பிவிட்ட என் தம்பிக்கும் அங்கே ஒரு போக்குவரத்து வழக்கில் இதுபோன்ற வாரண்ட் உள்ளது. இங்கே வந்து பிடிப்பார்களா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: மாட்டார்கள். 1997-இல் கையெழுத்தான குற்றவாளிகளை ஒப்படைக்கும் இந்திய–அமெரிக்க ஒப்பந்தம், இரு நாட்டிலும் ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களுக்கே பொருந்தும். ஆனால் பிடியாணை அங்கே காத்திருக்கிறது. மறுபடி விசா கேட்கும் எண்ணம் துளியாவது இருந்தால், இப்போதே அந்தக் கவுண்டியின் வழக்கறிஞர் ஒருவர் மூலம் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல நீதிமன்றங்கள் இத்தகைய சிறு வழக்குகளைத் தபாலிலேயே முடித்துத் தருகின்றன.