கெடு முடியவில்லை, கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஒப்பந்த நிறுவனம் மூலம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மேலாளர் ஜனவரியில் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு இரவுகளில் ஆபாசச் செய்திகள். கடைசியாக வந்தது மார்ச் 20இல். இப்போது மே மாதம். “நீ எங்கள் ஊழியரே இல்லை, புகார் கொடுப்பதற்கான மூன்று மாதமும் கடந்துவிட்டது” என்கிறார்கள். ஒருவர் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அவர்கள் சொல்வது இரண்டும் தவறு, சகோதரி. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளரும் ஊழியரே. சம்பளம் யார் கொடுத்தாலும், இத்தகைய புகார்களை விசாரிக்க அந்த அலுவலகத்திலேயே அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.

கெடு விஷயத்தில்தான் பெண்களை அதிகம் ஏமாற்றுகிறார்கள். தொல்லை தொடர்ந்திருந்தால் மூன்று மாதத்தைக் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு அது மார்ச் 20. ஜனவரியில் நடந்தது அந்தத் தொடரின் ஆரம்பம். எனவே ஜூன் 20 வரை நேரம் இருக்கிறது. அதுவும் தவறினால், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதை முடிவுசெய்வது குழு, மனிதவளப் பிரிவு அல்ல.

பேசி முடிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சமரசம் என்பது நீங்கள் கேட்டால் மட்டும், விசாரணைக்கு முன், குழு வழியாக நடப்பது. பணத்தை வைத்து முடிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இப்படிப்பட்டவர்கள் நீட்டும் தாளின் அடியில் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்திட்ட பிறகே பலர் என்னிடம் வருகிறார்கள். வயிறு எரிகிறது.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ஆனால் எத்தனையோ அலுவலகங்களில் சுவரில் மஞ்சளித்த பட்டியல்தான் குழு. அதிலுள்ள தலைவர் வேலையை விட்டே போயிருப்பார். பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் குழு அமைக்கச் சொன்னது 1997இல்! அமைக்காத முதலாளிக்கு முதல்முறை அபராதம் 50,000 ரூபாய் வரைதான். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டா?

காவல் நிலையத்திலும் தனியே புகார் கொடுக்கலாம்.

செய்திகளை அழிக்காதீர்கள், தேதியும் எண்ணும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். புகாரை ஆறு பிரதி கொடுக்கச் சொல்கிறது விதி. ஏழாவதாக ஒன்று எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.