கேளுங்கள், சொல்கிறோம்: கொரியாவில் வீடும் வணிகமும்

கேள்வி: மகனுக்கு சோலில் வேலை கிடைத்திருக்கிறது. 20 கோடி வொன் முன்பணம் கொடுத்தால் மாத வாடகையே வேண்டாம் என்கிறாராம் வீட்டுத் தரகர். நம்பலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: ஜொன்ஸே எனப்படும் இந்த முறை அங்கே சட்டப்படி நடப்பது. நம் ஊர்ப்பக்கம் ஒத்திக்கு வீடு பிடிப்பது போலத்தான். வீட்டு விலையில் பாதிக்கு மேல் மொத்தமாகக் கொடுத்து, பொதுவாக இரண்டு ஆண்டு குடியிருந்து, காலி செய்யும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறலாம். கொரியா தொழில்மயமான காலத்தில் அரசு, வங்கிக் கடனைத் தொழிற்சாலைகளுக்கே திருப்பிவிட்டது. வீடு வாங்குபவருக்கு வங்கி கைகொடுக்காததால் குடித்தனக்காரர் பணமே வட்டியில்லாக் கடனாயிற்று.

சிக்கலும் அதில்தான். வாங்கிய பணத்தைப் போட்டு வீட்டுக்காரர் இன்னொரு வீடு வாங்கியிருப்பார். அடுத்த குடித்தனம் வந்தால்தான் உங்கள் பணம் திரும்பும். விலை சரிந்தால் திருப்பிக் கொடுக்க அவர் கையில் ஒன்றும் இருக்காது. இப்படிப் பணத்தை இழந்தவர்களுக்காக 2023 ஜூனில் தனிச்சட்டமே வந்தது.

உச்ச நீதிமன்றத்தின் இணையப் பதிவகத்தில் 700 வொன் கட்டினால் வீட்டின் பதிவேட்டைப் பார்க்கலாம். தரகர் நீட்டும் அச்சுப்படியை நம்பாமல் மகனே பார்க்கட்டும். உரிமையாளர் பகுதியில், பிறர் சொத்தைத் தன் பெயரில் வைத்து நிர்வகிக்கும் டிரஸ்ட் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதன் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் கையெழுத்திடக்கூடாது. கடன் பகுதியில் உள்ள அடமானத் தொகையோடு மகன் தரும் முன்பணத்தைக் கூட்டுங்கள். வீட்டு விலையில் 70 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த வீடு வேண்டாம். மீதிப் பணம் கொடுக்கும் நாள் காலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சாவி வாங்கிய அன்றே முகவரியைப் பதிந்து, ஒப்பந்தத்தில் ‘ஹ்வாக்ஜொங் இல்ஜா’ என்ற தேதி முத்திரையும் பெற வேண்டும். வீடு ஏலத்துக்குப் போனால் பணத்தைத் திரும்பப் பெற முன்னுரிமை தருவது இவைதான். முறையாகப் பதிந்த வெளிநாட்டவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது அன்றிரவு 12 மணி தாண்டிய பிறகுதான் தொடங்கும்; வங்கி அடமானமோ பதிந்த அன்றே செல்லுபடியாகும். அந்தச் சில மணி நேரத்துக்குள் வீட்டை அடகு வைத்துக் குடித்தனக்காரரைப் பின்வரிசைக்குத் தள்ளிய வீட்டுக்காரர்கள் உண்டு. ‘மறுநாள் முடியும்வரை அடமானம் பதியமாட்டேன், மீறினால் ஒப்பந்தம் ரத்து, பணம் திரும்ப’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அரசு சார்ந்த வீட்டு நகர உத்தரவாதக் கழகத்தின் காப்புறுதியையும் விடாதீர்கள். சோல் வட்டாரத்தில் 70 கோடி வொன் வரையான முன்பணத்துக்கு அது கிடைக்கும். கழகம் ஒரு வீட்டுக்கு மறுத்தால், அந்த வீட்டைத் தொடவே வேண்டாம். மகன் புதிதாகப் போவதால், முதலில் சிறிய முன்பணமும் மாத வாடகையும் கொண்ட வொல்ஸே வீட்டில் இருப்பதே எங்கள் பரிந்துரை.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்காரர் முன்பணம் தராவிட்டால், வீட்டைக் காலி செய்து சிங்கப்பூர் திரும்பிவிடலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். குடியிருப்பும் முகவரிப் பதிவும் போனால் முன்னுரிமையும் போய்விடும். நீதிமன்றத்தில் குத்தகை உரிமைப் பதிவு ஆணை கேட்டு மனுச் செய்யுங்கள். அந்த உரிமை பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே சாமான்களை அசைக்க வேண்டும். தொடர விருப்பமில்லை என்பதை, ஒப்பந்தம் முடிய 6 மாதம் முதல் 2 மாதம் வரை உள்ள காலத்துக்குள் வீட்டுக்காரருக்குத் தெரிவித்திருக்க வேண்டும், குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும். அப்போதும் குடித்தனக்காரர் எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாம், அறிவித்து 3 மாதம் கழித்துத்தான் அது நடப்புக்கு வரும்.

கேள்வி: நமக்கும் கொரியாவுக்கும் தடையற்ற வர்த்தக உடன்பாடு எப்போது வந்தது? வடகொரியப் பொருளுக்கும் அதில் இடம் உண்டாமே?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: 2006 மார்ச் 2ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வடக்கில் உள்ள கேசோங் தொழிற்பேட்டையில் தென்கொரிய நிறுவனங்கள் தயாரித்த பொருள்களுக்கும் சலுகை கிடைக்க அதில் வழி செய்திருந்தார்கள். பேச்சுவார்த்தையில் சோல் இதற்காக விடாப்பிடியாக நின்றது. வடக்கோடு பொருளாதாரப் பிணைப்பை வளர்ப்பது அப்போது அதன் கொள்கை. வடகொரியாவின் அணுச் சோதனைக்கும் ராக்கெட் ஏவுதலுக்கும் பிறகு, 2016 பிப்ரவரியில் தென்கொரியா அந்தப் பேட்டையின் இயக்கத்தை நிறுத்தியது. மின்னிலக்க வணிகத்துக்கான தனி உடன்பாடு 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்தது.

நீங்கள் சிறு ஏற்றுமதியாளரானால், சிங்கப்பூர்த் துறைமுகத்தைத் தொட்டுப் போனதால் மட்டும் சரக்குக்கு வரிச்சலுகை கிடைக்காது. அது இங்கே உருவானது என்பதற்கான மூலச் சான்றிதழ் தேவை.