கஷ்டத்தைச் சொன்னால்தான் படம் விற்குமா?

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் போடுகிறேன். இந்த ஜனவரியில், பெங்களூரில் தெருவிலேயே நடக்கும் ஓவியச் சந்தையான சித்ர சந்தையில் இடம் கிடைத்தது. குமாரகிருபா சாலை முழுக்க ஜனம், ஆனால் என் படங்களைப் பார்த்தவர்கள் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ‘உன் கஷ்டத்தையெல்லாம் எழுதி இன்ஸ்டாகிராமில் போடு, அப்போதுதான் விற்கும்’ என்கிறாள் தோழி. எனக்குக் கூச்சமாக இருக்கிறது, கணவருக்கும் பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கஷ்டத்தை எழுத வேண்டாம். கூச்சப்படுகிற விஷயத்தை வற்புறுத்தி எழுதினால் எழுத்திலேயே அது தெரிந்துவிடும். அதோடு, இரக்கப்பட்டு ஒருமுறை வாங்கியவர் மறுபடி வர மாட்டார்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார் பூஜையறையில் இருந்த பழைய கிருஷ்ணர் படத்தில் ஒரு கல் உதிர்ந்துவிட, அதை ஒட்ட ஆள் தேடி அலைந்து, கடைசியில் நீங்களே கற்றுக்கொள்ளக் கிளம்பியதாக. இதை ஏன் மூன்றாம் பக்கத்தில் போய் வைத்தீர்கள்? இதுதானே முதல் வரி! அந்தப் பழைய படத்தையும் நீங்கள் போட்ட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள், எந்தக் கல் நீங்கள் ஒட்டியது என்று விரல் வைத்துக் காட்டுங்கள், போதும். மாமியாரிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அது அவருடைய கதையும்தான்.

ஓவியர் வான்கோவின் விஷயம் இதற்கு நல்ல உதாரணம். 1890-ல் அவர் இறந்தார், ஆறு மாதத்தில் தம்பி தியோவும் போய்விட்டார். தியோவின் மனைவி யோஹன்னாவிடம் மிஞ்சியது ஒரு கைக்குழந்தை, விற்காத ஓவியங்கள், அண்ணன் தம்பிக்கு எழுதிய கட்டுக்கட்டான கடிதங்கள். அந்தப் பெண்மணி ஓவியங்களைக் கண்காட்சிக்குக் கண்காட்சி அனுப்பினார், கடிதங்களைத் தொகுத்து 1914-ல் வெளியிட்டார். அந்தக் கடிதங்களில் பணக்கஷ்டம் இல்லாமல் இல்லை, ஆனால் பக்கம் பக்கமாக இருப்பது வேலையைப் பற்றிய பேச்சு. விளக்கடியில் உருளைக்கிழங்கு சாப்பிடும் குடியானவர்களை வரைந்தபோது, தட்டில் நீட்டுகிற இதே கைகள்தான் மண்ணையும் தோண்டின என்று காட்ட நினைத்ததாக 1885-ல் தம்பிக்கு எழுதுகிறார். அதைப் படித்தவர் அந்தப் படத்தில் முதலில் கையைத்தான் தேடுவார். உங்கள் கதையும் பார்ப்பவர் கண்ணை இப்படிப் படத்துக்குள் இழுக்க வேண்டும்.

சரி, தினமும் என்ன போடுவது என்று கேட்பீர்கள். சாக்பொடியும் பசையும் குழைத்து நகைகளுக்கு மேடு எழுப்புவது, தங்க ரேக்கை ஒட்டுவது, எல்லாம் முடிந்தபின் சாமிக்குக் கண் திறப்பது. இதையெல்லாம் போனில் எடுத்து உங்கள் குரலிலேயே பேசுங்கள். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடிந்துவிடும், அதனால் வணக்கம் நண்பர்களே என்று ஆரம்பித்து இடத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. வாங்க வருபவர் கேட்பது தங்கம் அசலா, பலகை என்ன, கல் உதிருமா என்பதைத்தான். அந்தக் காலத்தில் பலா மரப்பலகை, இன்று பெரும்பாலும் பிளைவுட், அதைச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ரேக் 22 காரட் என்றால் அதையும் விலைச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பென்சில் ஓவியம் வரைகிறேன். ஐடி வேலை, வாடகை வீடு, சொல்லிக்கொள்ளும்படி என் வாழ்க்கையில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தப்பா?
– ஒரு வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: தப்புதான். வாங்கியவர் அந்தக் கதையைத் தன் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார், அது பொய் என்று தெரிந்த நாளில் உங்களோடு சேர்ந்து அவரும் அசிங்கப்படுவார். கதை உங்கள் வாழ்க்கையிலிருந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் ஊரிலேயே தெரு ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி இருக்கிறார். சந்திரயான்-2 நிலவை நெருங்கிக்கொண்டிருந்த 2019-ல், விண்வெளி வீரர் உடுப்பில் ஒருவரைக் குண்டும் குழியுமான பெங்களூரு ரோட்டில் நடக்கவிட்டு வீடியோ எடுத்தார். பக்கத்தில் ஆட்டோ போகிறபோதுதான் அது நிலவு இல்லை என்று தெரியும். நாடே பார்த்தது. அவர் சொன்னது தினமும் எல்லோரும் விழுந்து எழுகிற குழியைப் பற்றித்தான். நீங்கள் தினமும் சில்க்போர்டு சந்திப்பின் வண்டி நெரிசலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கே பார்க்கிற முகங்களை வரையுங்கள், எங்கே எந்நேரம் பார்த்தது என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருந்துகொண்டு என் படங்களின் கதையைத் தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்?
– ஒரு வாசகி, சிவாஜி நகர்

பதில்: கடையில் வைக்கிற அட்டையில் கன்னடமும் ஆங்கிலமும் இருக்கட்டும், கன்னடத்தைப் பக்கத்து வீட்டாரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் தமிழில் எழுதுங்கள். உங்களுக்கு வாயில் வருகிற மொழியில் எழுதிவிட்டு மாற்றினால்தான் உங்கள் வீட்டுப் பேச்சு வீட்டுப் பேச்சாகவே இருக்கும்.