ஐ6 டிரான்ஸ்மிட்டரைத் திறக்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மாதிரி விமானம் பறக்கவிடத் தொடங்குவோரில் பலருடைய கைக்கு முதலில் வந்து சேர்வது ஃப்ளைஸ்கை நிறுவனத்தின் எஃப்எஸ்-ஐ6 (சுருக்கமாக ஐ6) டிரான்ஸ்மிட்டர், அதாவது தரையிலிருந்து விமானத்தை இயக்கும் கைக்கருவி. இம்முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருப்பதால், பதில்களையும் அந்தக் கருவியை வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐ6-இன் மென்பொருளை மாற்றினால் ஆறு சேனல்கள் பத்தாகும் என்கிறார்கள். உண்மையா? ரிசீவரையும் மாற்ற வேண்டுமா?

உண்மைதான். (சேனல் என்பது விமானத்தின் ஒரு பாகத்தைத் தனியாக இயக்கும் கட்டளை வழி; ரிசீவர் என்பது விமானத்தில் இருந்து அந்தக் கட்டளைகளைப் பெறும் கருவி.) ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ எனப்படும் இதன் ரேடியோ முறை, ஒவ்வொரு முறை தரவை அனுப்பும்போதும் 14 சேனல்களுக்கு இடம் வைத்திருக்கிறது. தொழிற்சாலை மென்பொருள் அவற்றில் ஆறை மட்டும் பயன்படுத்துகிறது. ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குகிறது. இதற்காக எந்தப் பாகத்தையும் பற்றவைக்க வேண்டியதில்லை. ஆனால் முகப்பிலுள்ளவற்றை எண்ணிப் பாருங்கள்: இரண்டு ஸ்டிக்குகளுக்கு நான்கு அசைவுகள், நான்கு சுவிட்சுகள், இரண்டு திருகு குமிழ்கள் எனப் பத்துதான் வரும். எனவே பத்துக்கு மேல் சேனல் இருந்தாலும், புதிய சுவிட்ச் பொருத்தாத வரை அவற்றை இயக்கக் கையில் ஒன்றும் இராது.

ரிசீவர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐஏ6பி ரிசீவரில் சர்வோக்களை (விமானத்தின் அசையும் பாகங்களை இயக்கும் சிறு மோட்டார்கள்) நேரடியாகச் செருக ஆறு இடங்களே உள்ளன. மற்ற சேனல்கள் ஐ-பஸ் என்னும் ஒற்றைக் கம்பி வழியாகவே வெளிவரும். ஃப்ளைட் கன்ட்ரோலர் (விமானத்தை நிலைப்படுத்தும் மின்னணுப் பலகை) வைத்திருப்பவருக்கு அது போதும். பத்து சர்வோக்களைத் தனித்தனியே செருக வேண்டுமென்றால் ஐஏ10பி ரிசீவர் வாங்க வேண்டும்.

மென்பொருளை ஏற்றப் பின்புறத்திலுள்ள வட்டமான நான்கு முனைச் சாக்கெட்டும், 3.3 வோல்ட் அளவில் இயங்கும் யுஎஸ்பி-சீரியல் பலகையும் தேவை. பழைய கணினிகளின் ஆர்எஸ்-232 கேபிளை நேரடியாக இணைத்தால் அதன் உயர்ந்த மின்னழுத்தம் உள்ளிருக்கும் சில்லைக் கெடுத்துவிடும். தரைக்கம்பி, அனுப்பும் கம்பி, பெறும் கம்பி ஆகிய மூன்றை மட்டும் இணையுங்கள். பலகையின் மின்வழங்கு முனையைத் தொடாதீர்கள். புதிய பேட்டரி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாடலின் அமைப்புத் திரைகளையும் கைபேசியில் படமெடுத்த பின் தொடங்குங்கள். ஏற்றி முடிந்ததும் ஸ்டிக்குகளை மறுபடி அளவீடு செய்யாமல் பறக்கவிடக் கூடாது. இதுவரை டிரான்ஸ்மிட்டரே வாங்காதவர்கள் ஐ6எக்ஸ் மாடலை வாங்கிவிடலாம். அதில் பத்து சேனல் வசதி தொழிற்சாலையிலிருந்தே வருகிறது.

கேள்வி: நான்கு பென்சில் பேட்டரிகளுக்குப் பதிலாக, விமானத்தில் பயன்படுத்தும் இரண்டு செல் லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரியைப் பொருத்தலாமா?

நேரடியாகக் கூடாது. இந்தக் கருவி 6 வோல்ட்டுக்கென வடிவமைக்கப்பட்டது. முழுதாக ஏற்றிய இரண்டு செல் லிப்போ 8.4 வோல்ட் தரும். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு பக் கன்வெர்ட்டரை வைத்து, வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்தபடி 5.5 முதல் 6 வோல்ட்டுக்குள் திருகி நிறுத்திய பிறகே டிரான்ஸ்மிட்டரில் இணைக்க வேண்டும். நான் முதன்முறை இதைச் செய்தபோது மின்னழுத்தத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். கனெக்டரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் எதிர்மாறாக அமுக்கப்பட்டிருந்ததை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மேசையில் எழுந்த கருகல் வாசனை இரண்டு நாள் அறையைவிட்டுப் போகவில்லை.

இந்த மாற்றத்தில் பலரும் கவனிக்காத ஆபத்து வேறொன்று. கன்வெர்ட்டர் எப்போதும் ஒரே மின்னழுத்தத்தைத் தருவதால், திரையிலுள்ள பேட்டரி அளவு கடைசி நிமிடம் வரை அசையாமல் நிற்கும், சுமார் 4.2 வோல்ட்டில் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை மணி ஒலிக்கும் நேரத்தில் லிப்போ ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும், விமானமும் வானில் இருக்கும். ஆகவே லிப்போவின் பேலன்ஸ் முனையில் (ஒவ்வொரு செல்லையும் தனியே அளக்க உதவும் சிறு கனெக்டர்) தனியாக ஒரு மின்னழுத்த அலாரத்தைச் செருகுவது கட்டாயம்.

என்னைக் கேட்டால் இந்த வேலையே தேவையில்லை. தரமான நான்கு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஒரு நாள் பறப்புக்குத் தாராளம். திரையும் மணியும் சொல்வதை நம்பவும் முடியும்.

கேள்வி: மோட் 2 வாங்கிவிட்டேன். எனக்குக் கற்றுத்தருபவர் மோட் 1 பயன்படுத்துகிறார். மாற்ற முடியுமா?

மோட் 2-இல் த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அசைவு) இடது ஸ்டிக்கிலும், மோட் 1-இல் வலது ஸ்டிக்கிலும் இருக்கும். மாற்ற முடியும், ஆனால் இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும். சிஸ்டம் மெனுவில் ஸ்டிக் மோடை மாற்றுவது பாதி வேலைதான். அதன்பின் த்ராட்டில் வலது கைக்கு வந்துவிடும், ஆனால் அந்த ஸ்டிக் இன்னும் ஸ்பிரிங் இழுப்பில் நடுவிலேயே நிற்கும். நடுவில் நிற்கும் த்ராட்டில் என்றால் பாதி வேகம் என்று பொருள். எனவே பேட்டரிகளை எடுத்துவிட்டு, பின்மூடியைத் திறந்து, மையப்படுத்தும் நெம்புகோலையும் ஸ்பிரிங்கையும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கும், த்ராட்டிலை நின்ற இடத்தில் நிறுத்தும் சிறிய உலோகத் தகட்டை இடமிருந்து வலத்துக்கும் மாற்ற வேண்டும். மூடியைக் கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். இரு பாதிகளுக்கும் இடையே கம்பிகள் ஓடுகின்றன. ஸ்பிரிங்கைக் குறடால் பிடித்து, மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு எடுத்தால், அது தெறித்து அலமாரிக்கு அடியில் போய்ச் சேராது.

கேள்வி: ஸ்டிக்கைத் தொடாதபோதும் ஒரு சர்வோ நடுங்குகிறது. ஸ்டிக்கின் பொட்டென்ஷியோமீட்டரை (அசைவை அளக்கும் மாறு மின்தடையை) மாற்றலாமா?

முதலில் டிரான்ஸ்மிட்டரின் சேனல் காட்டும் திரையைப் பாருங்கள். அங்கே கோடு அசையாமல் நின்றால் பழுது சர்வோவிலோ விமானத்தின் மின்வழங்கலிலோ இருக்கிறது. கோடும் நடுங்கினால் மின்னணுச் சாதனங்களுக்கான கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சி, ஸ்டிக்கை இருபது முப்பது தடவை முழுவீச்சில் ஆட்டிப் பாருங்கள். எண்ணெய் விட வேண்டாம். அப்போதும் தீராவிட்டால் மட்டும், அதே ஓம் மதிப்பும் அதே தண்டு அளவும் கொண்டதை வாங்கி மாற்றலாம்.

கேள்வி: தூரம் கூட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் பூஸ்டர் (ரேடியோ அலையின் வலுவைக் கூட்டும் கருவி) பொருத்தலாமா?

வேண்டாம். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றிப் பயன்படுத்த வெளியீட்டுத் திறனுக்கு வரம்பு உண்டு. சந்தையில் கிடைக்கும் சில பூஸ்டர்கள் அதைத் தாண்டக்கூடும். அதோடு ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ இருவழித் தொடர்பு. ரிசீவர் அனுப்பும் பதிலையும் கடத்தத் தெரியாத பூஸ்டர் டெலிமெட்ரியை (விமானத்திலிருந்து திரும்பி வரும் தகவலை) கெடுக்கும். தூரம் குறைவாகத் தெரிந்தால் ரிசீவரின் இரு ஆன்டெனா நுனிகளும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருக்கின்றனவா, கார்பன் ஃபைபருக்கும் பேட்டரிக்கும் விலகி இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த நுனி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். ஆனால் வேலையைச் செய்வது அதுவே.

கேள்வி: மாற்றங்கள் செய்த பிறகு ஃபெயில்சேஃபை மறுபடி அமைக்க வேண்டுமா?

தொடர்பு அறுந்தால் ரிசீவர் தானாகச் செல்லும் பாதுகாப்பு நிலைதான் ஃபெயில்சேஃப். மென்பொருளையோ மோடையோ ரிசீவரையோ தொட்டிருந்தால் கட்டாயம். ரிசீவர் அமைப்பு மெனுவில் ஃபெயில்சேஃபைத் திறந்து, த்ராட்டில் சேனலைத் தேர்ந்து, ஸ்டிக்கை முழுதும் கீழே இழுத்துப் பிடித்தபடி சேமியுங்கள். ஐ6-இல் சேமிப்பதற்கு ஓகே பொத்தானை அல்ல, கேன்சல் பொத்தானைத்தான் நீண்ட நேரம் அழுத்த வேண்டும். இந்த விசித்திரம் தெரியாமல், அமைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பிறகு புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெதுவாகச் சுழலவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நின்றால் சரி. நிற்காவிட்டால் மறுபடி மெனுவுக்குப் போங்கள், அதுவரை புரொப்பெல்லர் பெட்டியிலேயே இருக்கட்டும்.