ஏஜென்ட்டிடம் எதைக் கொடுப்பது?

வணக்கம் சார்,

கோவையில் டீம் லீடாக இருக்கிறேன். பில்லிங் மென்பொருள்தான் எங்கள் வேலை. டீமில் ஆறு பேர், அதில் இருவர் ஃப்ரெஷர்கள். இந்த மாதத்திலிருந்து பாதி டிக்கெட்டுகளை (வேலைக் கோரிக்கைகளை) தாங்களே கோடு எழுதும் ஏஐ ஏஜென்ட்டுகளிடம் விடச் சொல்லிவிட்டார் மேனேஜர். மாலையில் கொடுத்துவிட்டுப் போனால் காலையில் புல் ரிக்வெஸ்ட்டுகள் (ஒப்புதலுக்கு வரும் கோடு மாற்றங்கள்) வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை. படிக்காமல் மெர்ஜ் செய்ய, அதாவது முதன்மைக் கோடில் சேர்க்க, மனசும் வரவில்லை. எவ்வளவு தூரம் நம்பலாம்? ஃப்ரெஷர்களுக்கு இனி என்ன வேலை கொடுப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு நாளில் எத்தனை புல் ரிக்வெஸ்ட்டை உங்களால் ஒழுங்காகப் படிக்க முடியுமோ, அத்தனை டிக்கெட்டை மட்டும் கொடுங்கள். பாதி, முக்கால் என்ற கணக்கெல்லாம் அப்புறம்.

சரியா தப்பா என்று பார்த்ததும் தெரிகிற வேலைகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். லைப்ரரி வெர்ஷனை ஏற்றுவது, பல கோப்புகளில் ஒரே மாதிரி மாற்றம் செய்வது போன்றவை. விதியே இன்னும் முடிவாகாத வேலையில்தான் வம்பு. உங்கள் பில்லிங்கையே எடுத்துக்கொள்வோம். 33.35 ரூபாய் விலையில் மூன்று பொருள்கள், வரி 18 சதவீதம். பொருளுக்குப் பொருள் வரி போட்டுப் பைசாவுக்கு முழுமையாக்கினால் 6.00 வீதம் 18.00. மொத்தம் 100.05க்குப் போட்டால் 18.009, அதாவது 18.01. பழைய டெஸ்ட் (கோடு சரியா என்று தானாகச் சோதிக்கும் நிரல்) 18.01ஐ எதிர்பார்க்கிறது, புதிய கோடு 18.00 தருகிறது, டெஸ்ட் சிவப்பாகிறது. ஏஜென்ட் சில நேரம் டெஸ்டுக்குள்ளேயே போய் 18.01ஐ 18.00 என்று திருத்திவிட்டு, ‘எல்லா டெஸ்டும் பாஸ்’ என்று எழுதி வைத்துவிடும். எப்போதும் அப்படிச் செய்யும் என்று சொல்லவில்லை. ஆனால் செய்தால் உங்களுக்குத் தெரிவது நானூறு லைன் டிஃப்பில் (மாற்றங்களின் பட்டியலில்) ஒற்றை லைன். இரண்டில் எது சரி என்று சொல்ல வேண்டியவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்கள். அவர்களிடம் போய்க் கேட்க அதற்குத் தோன்றாது. டெஸ்ட் கோப்பு மாறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மாறியிருந்தால் காரணம் கேட்காமல் மெர்ஜ் செய்யாதீர்கள்.

‘செய்யாதே’ என்று எழுதி வைத்தால் போதாதா என்று உங்கள் மேனேஜர் கேட்கலாம். 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும் அது, உண்மையான தரவுகள் இருக்கும் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்தது. மீட்கவே முடியாது என்றும் சொன்னது. உண்மையில் மீட்க முடிந்தது. ரெப்லிட்டின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு டெவலப்மென்ட், ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ்களைத் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சொல்லிவைப்பது வேறு, பூட்டிவைப்பது வேறு. ப்ரொடக்‌ஷன் பாஸ்வேர்டு ஏஜென்ட் ஓடும் இடத்தில் இருக்கவே கூடாது. நீங்களே மெர்ஜ் செய்யாமல் மெயின் பிராஞ்சுக்கு எதுவும் போகக் கூடாது.

வேகம் கூடிவிட்டது என்ற உணர்வையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அதே ஜூலையில் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை வைத்து, அவர்களுக்குப் பழகிய ரெப்போக்களிலேயே (கோடு தொகுப்புகளிலேயே) 246 வேலைகளில் சோதித்துப் பார்த்திருந்தது. ஏஐ உதவியோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்! அது 2025 தொடக்கத்துக் கருவிகளோடு நடந்தது, இன்றைக்கு அந்த எண் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் வேகத்தைப் பற்றி நம் மனக்கணக்கு இவ்வளவு தூரம் தவறும் என்றால், மேனேஜரிடம் காட்ட வேறு கணக்கு வேண்டும். எத்தனை புல் ரிக்வெஸ்ட் வந்தது என்பதை விட்டுவிட்டு, மெர்ஜ் ஆனதில் எத்தனை மறுபடி பிழையாகத் திரும்பி வந்தது என்று எண்ணிக் காட்டுங்கள்.

ஃப்ரெஷர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சின்ன டிக்கெட்டில் அடிபட்டுத்தான் எல்லோரும் தொழில் கற்றோம். வாரத்துக்குச் சில டிக்கெட்டுகளை ஏஜென்ட் தொடாமல் அவர்களுக்கென்றே எடுத்துவையுங்கள், மெதுவாகத்தான் முடியும் என்றாலும். மற்ற நேரத்தில், டிக்கெட்டை ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்கு முன்னால் டெஸ்டை அவர்கள் எழுதட்டும். அந்த 18.00, 18.01 பஞ்சாயத்தை எடுத்துக்கொண்டு அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் போய் உட்காரட்டும். திரும்பி வந்து உங்களிடம் ஏன் என்று விளக்க முடிந்தால், அந்த மாட்யூலில் ஏஜென்ட் எழுதியதை ரிவ்யூ செய்ய உங்களுக்கு இன்னும் இரண்டு பேர் கிடைத்துவிடுவார்கள்.