தொண்டை வலிக்குப் பின் ஒரே நாளில் மாறிய குழந்தை

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. தொண்டை வலியும் காய்ச்சலும் வந்துபோன இரண்டாம் வாரம், ஒரே நாளில் ஆளே மாறிவிட்டான். ஓயாமல் கை கழுவுகிறான், கண்ணைச் சிமிட்டுகிறான், படுக்கையை நனைக்கிறான். ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனையில் 400 என்று வந்திருக்கிறது. இது ‘பாண்டாஸ்’தானா?

பதில்: இருக்கலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (ஸ்ட்ரெப்) என்ற தொண்டைக் கிருமியின் தொற்றுக்குப் பின் குழந்தைக்குத் திடீரென ஓ.சி.டி.யோ டிக்ஸோ வருவதைத்தான் பாண்டாஸ் என்கிறார்கள். அந்தக் கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளின் அளவுதான் ஏ.எஸ்.ஓ. ஆனால் 400 என்ற எண்ணைவிட, ‘ஒரே நாளில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். வழக்கமான ஓ.சி.டி.யும் (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்ப வருவது) டிக்ஸும் (கண் சிமிட்டல் போன்ற திடீர் அசைவுகள்) மெல்ல மெல்லத் தலைகாட்டும். பாண்டாஸில் எந்தத் தேதியில் தொடங்கியது என்றே பெற்றோரால் சொல்ல முடியும். அந்தத் தேதியைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு எப்போதோ வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றாலும் ஏ.எஸ்.ஓ. உயர்ந்திருக்கும்; மாதக்கணக்கில் இறங்காது. ஒரு தடவை பார்த்த அளவு எதையும் நிரூபிக்காது. 3, 4 வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பார்க்கும்போது தெளிவாக ஏறியிருந்தால்தான் அண்மைத் தொற்று என்று கொள்ளலாம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டும். மருந்து உள்ளே போனபின் எடுத்தால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடலாம். ஆசனவாயைச் சுற்றிப் பளிச்சென்ற சிவப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இதே கிருமி அங்கும் வரும், பலர் கவனிப்பதில்லை.

கை கால்கள் கட்டுப்பாடின்றித் தாமாகவே துள்ளினாலோ, நீட்டிய நாக்கு நிலையாக நிற்காவிட்டாலோ அது சிடென்ஹாம் கொரியாவாக இருக்கலாம். அது, ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் இதயத்தையும் தாக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைச் சேர்ந்தது. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் அவசியம். பெனிசிலினும் ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். வலிப்பு, மயக்கம், சாப்பாட்டையும் தண்ணீரையும் அடியோடு மறுப்பது, சாவைப் பற்றிப் பேசுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கும் பாண்டாஸ் என்கிறார்கள். ஆன்டிபயாடிக் முடிந்தும் பயமும் கை கழுவுவதும் நிற்கவில்லை. மருந்தை நீட்டிக்கலாமா?

பதில்: முதலில், 10 நாளும் முழுதாகக் கொடுத்தீர்களா? அமாக்ஸிசிலின் என்றால் வழக்கமாக நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு மொத்தம் 50 மி.கி., அதிகபட்சம் 1,000 மி.கி., 10 நாள். காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

மருந்து கிருமியை அழிக்கும். கிருமிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருட்கள் மூளையின் ஆழத்திலுள்ள, அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பேசல் காங்லியாவையும் தவறுதலாகத் தாக்குகின்றன என்று கருதப்படுகிறது. அது தணிய நாளாகும். அதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் வேண்டாம். ஒவ்வொரு ஸ்ட்ரெப் தொற்றோடும் அறிகுறிகள் திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளுக்கு மட்டுமே டாக்டர்கள் அதை யோசிக்கிறார்கள்.

மனநல சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பயத்தை எதிர்கொண்டும் கை கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் முறை, எந்தக் காரணத்தால் வந்த ஓ.சி.டி.க்கும் பயன்படும். ‘கை சுத்தமா அம்மா?’ என்று அவள் இருபது முறை கேட்க, நீங்களும் இருபது முறை ‘சுத்தம்’ என்றால் நோய் வலுக்கும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. (ஓ.சி.டி.க்கும் மனச்சோர்வுக்கும் தரும் மருந்து வகை) மாத்திரை தேவைப்பட்டால் வழக்கத்தைவிடக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். இக்குழந்தைகளிடம் அது படபடப்பையும் தூக்கமின்மையையும் எளிதில் கிளப்பிவிடும். ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் (ரத்த தானம் தந்தவர்களிடமிருந்து பிரித்த எதிர்ப்பொருட்கள்) கடுமையான நிலைக்கு மட்டுமே. 1999-ல் வந்த சிறிய ஆய்வு அதற்குச் சாதகமாக இருந்தது. 2016-ல் 35 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் போலி மருந்தைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை.

கேள்வி: டான்சிலை எடுத்துவிட்டால் தீருமா?

பதில்: இந்த நோய்க்காக மட்டும் எடுக்க வேண்டாம். அடிக்கடி தொண்டைத் தொற்று, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற வழக்கமான காரணம் இருந்தால் எடுக்கலாம்.